அமெரிக்காவில் வேலை போன பிறகு: வேலையின்மைக் காப்பீட்டு விண்ணப்பம் எங்கே சிக்குகிறது, எப்படி மீட்பது

ஆட்குறைப்பில் வேலையிழந்த நம்மவர்கள் சிலர் வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதே இல்லை. "அரசாங்கத்திடம் போய்க் கையேந்துவதா?" என்கிறார்கள். வேறு சிலர் விண்ணப்பித்துவிட்டு, முதல் மறுப்புக் கடிதம் வந்ததும் அதோடு விட்டுவிடுகிறார்கள். இது தர்மப் பணம் அல்ல. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வேர்கொண்ட காப்பீடு. அதற்கான பிரீமியத்தை உங்கள் நிறுவனம் வரியாகக் கட்டியிருக்கிறது. அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் உங்கள் சம்பளத்திலிருந்தும் ஒரு பங்கு பிடித்திருப்பார்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்களை உலுக்கும் 'பப்ளிக் சார்ஜ்' (அரசுக்குச் சுமையாக இருப்பவர் என்ற முத்திரை) பயத்துக்கும் இதில் இடமில்லை. 2019, 2022 ஆகிய இரண்டு விதிமுறைகளுமே இந்தப் பணத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தகுதி இருந்தும் பணம் கைநழுவும் கதைகளைக் கேட்டால், அநேகமாக எல்லாவற்றிலும் காரணம் இரண்டில் ஒன்றுதான்: ஒரு தேதி தவறியிருக்கும், அல்லது ஒரு கேள்விக்கான பதில் இன்னொரு காகிதத்தோடு பொருந்தாமல் போயிருக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றியே சுழல்கின்றன.

முதல் படி: விசா நிலையைப் பாருங்கள்

வேலை செய்ய முடிந்தவராகவும் தயாராகவும் இருக்க வேண்டும் என்பது எல்லா மாநிலங்களிலும் உள்ள விதி. உடல்நலம் மட்டும் போதாது, சட்டப்படியும் முடிய வேண்டும். குடியுரிமை உள்ளவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர், செல்லுபடியாகும் இஏடி (வேலை அனுமதி) அட்டை உள்ளவர் ஆகியோருக்கு இதில் தடையில்லை. எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் துணைக்கானது) இஏடி பெற்ற கணவரோ மனைவியோ இதில் அடக்கம்.

எச்-1பி வேலை விசா வேறு கதை. அந்த வேலை அனுமதி ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை முடிந்ததும் கிடைக்கும் 60 நாள் அவகாசம் நாட்டில் தங்குவதற்கானதே தவிர, வேலை செய்வதற்கானது அல்ல. ஆகவே பெரும்பாலான மாநிலங்கள் மறுக்கின்றன. படிவத்தில் "எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய அனுமதி உண்டா?" என்ற கேள்விக்கு ஆம் என்று தட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குடியேற்றக் கோப்பு திறந்திருக்கும் நேரத்தில் அரசுப் படிவத்தில் பொய் சொல்வது, கிடைக்கும் பணத்தைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள்: ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தோடு வாங்கிய இஏடி அட்டை அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கிறதா? எச்-1பியிலேயே வேலை செய்துவந்ததால் அதை மறந்தவர்கள் உண்டு. அது செல்லுபடியாக இருந்தால் உங்களுக்கு வேலை அனுமதி இருக்கிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று, "வேலைதான் இல்லையே, ஊருக்குப் போய்விட்டு வரலாம்" என்ற நினைப்பு. போகலாம். ஆனால் இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கும் வாரங்களுக்குப் பணம் கோர முடியாது. சென்னையிலிருந்து லாகின் செய்து "வேலைக்குத் தயார்" என்று பதிந்தால், உங்கள் கணினியின் இணைய (ஐபி) முகவரியை வைத்தே கணக்கை முடக்கிவிடுவார்கள். ஊருக்குப் போயிருந்த வாரங்களைப் போனதாகவே சொல்லுங்கள். திரும்பி வந்ததும் கிளெய்மை மறுபடி திறந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: எந்த வாரம், எந்த மாநிலம்

கடைசி வேலை நாளுக்கு அடுத்த நாளே விண்ணப்பியுங்கள். பெரும்பாலான மாநிலங்களில், விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். தாமதித்த வாரங்களை முன்தேதியிட்டு வாங்கத் தக்க காரணம் காட்ட வேண்டும். 'தெரியாது' என்பது எளிதில் எடுபடாது. வேலைநீக்கத்துக்கு நிறுவனம் தரும் இழப்பீட்டுத் தொகை (செவரன்ஸ்) வந்தது என்பதற்காகவும் காத்திருக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் அந்தத் தொகை உதவித்தொகையைக் குறைப்பதில்லை. டெக்சாஸில் தள்ளிப்போடும், ஆனால் வழக்குத் தொடரமாட்டேன் என்று கையெழுத்திட்டதற்கு ஈடாகத் தந்த தொகை என்றால் அங்கும் அது தடையாவதில்லை. என்ன வந்தது, எதற்காக வந்தது என்பதை உள்ளபடி எழுதுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள் வேலை செய்த மாநிலத்தில்தான், வசிக்கும் மாநிலத்தில் அல்ல. நியூ ஜெர்சியில் வீடு, நியூயார்க்கில் அலுவலகம் என்றால் நியூயார்க். கடந்த ஒன்றரை ஆண்டில் இரண்டு மாநிலங்களில் வேலை செய்திருந்தால் இரண்டின் சம்பளத்தையும் சேர்த்து ஒரே கிளெய்மாகப் போட வழி இருக்கிறது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. தேடலில் முதலில் வரும் விளம்பரத் தளம் கிரெடிட் கார்டு எண் கேட்டால் மூடிவிடுங்கள்.

மூன்றாம் படி: பெயர்

நம் ஆட்களின் விண்ணப்பம் சிக்குமிடம் அடிக்கடி இதுதான். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகிறது. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம் அதையே பின்பற்றும். சம்பளப் பிரிவோ அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருக்கும். வங்கியில் இன்னொரு வரிசை. கணினி ஒப்பிட்டுப் பார்க்கும்போது இவை எல்லாம் வெவ்வேறு ஆட்கள்!

விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். "வேறு பெயர்களில் அறியப்படுகிறீர்களா?" என்ற இடத்தில் மற்ற வடிவங்களை எழுதுங்கள். உரிமத்தைப் படமெடுத்துப் பதிவேற்றும் அடையாளச் சோதனை மீண்டும் மீண்டும் தோற்றால், அதிலேயே முட்டிக்கொண்டிருக்காமல் நேரடிச் சோதனைக்கு மாறுங்கள். சில மாநிலங்களில் தபால் நிலையத்திலேயே அதைச் செய்துகொள்ளலாம். பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), சோஷியல் செக்யூரிட்டி அட்டை ஆகியவற்றோடு, இவை மூன்றும் ஒரே ஆளுக்குரியவை என்று விளக்கும் நான்கு வரிக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

நான்காம் படி: நிறுவனமும் காரணமும்

கன்சல்டன்சி வழியாக வேலை செய்தவர்கள் கவனிக்க. மூன்று ஆண்டுகள் ஒரு பெரிய வங்கியின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் உங்கள் முதலாளி அந்த வங்கி அல்ல. டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் 'சி' கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். 'பி' கட்டத்தில் உள்ள எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கிளையன்ட் பெயரை எழுதினால், "இவர் எங்களிடம் வேலை செய்ததே இல்லை" என்ற பதில் போகும். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

வேலை முடிந்த காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். "மார்ச் 3 அன்று என் பதவி நீக்கப்படுவதாக நிறுவனம் மின்னஞ்சலில் தெரிவித்தது" என்றால் போதும். மேலாளர் மீதான மனத்தாங்கலைக் கொட்டும் இடம் இதுவல்ல. அங்கே எழுதும் ஒவ்வொரு கூடுதல் வாக்கியமும் விசாரணை அதிகாரிக்கு ஒரு கூடுதல் கேள்வி.

"நீயே ராஜினாமா செய், இல்லாவிட்டால் நீக்கிவிடுவோம்" என்று சொல்லி வாங்கிய ராஜினாமாவா? நடந்ததை அப்படியே எழுதுங்கள். பெரும்பாலான மாநிலங்கள் இதை வேலைநீக்கமாகவே பார்க்கின்றன. வெறுமனே 'ராஜினாமா' என்று தட்டினால், தானாக விலகியவர் என்ற பட்டியலில் விழுவீர்கள். அங்கிருந்து ஏறி வருவது கடினம். வெளியேறும்போது "வேலையின்மைப் பணம் கோரமாட்டேன்" என்று எதிலாவது கையெழுத்திட்டிருந்தாலும் தயங்க வேண்டாம். பெரும்பாலான மாநிலச் சட்டங்களில் அப்படி உரிமையை எழுதிக்கொடுப்பது செல்லாது. ஒப்பந்தக்காரர்களுக்கான 1099 படிவத்தில் சம்பளம் வாங்கியவரும் விண்ணப்பிக்கலாம். பெயருக்கு ஒப்பந்தக்காரர், நடைமுறையில் ஊழியர் என்பதை மாநில வேலையின்மைக் காப்பீட்டு ஏஜென்சி விசாரித்து முடிவுசெய்யும்.

ஐந்தாம் படி: சம்பளக் கணக்கைச் சரிபாருங்கள்

முதலில் வரும் கடிதம் தொகையைச் சொல்வது. பலர் இதையே அனுமதிக் கடிதம் என்று நினைத்து மகிழ்கிறார்கள். அது சம்பளக் கணக்கு மட்டும், தகுதி முடிவு தனியாக வரும்.

கணக்குக் காலம் என்பது, முடிந்துபோன கடைசி ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கு. 2026 மே மாதம் விண்ணப்பித்தால் 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சம்பளம் பார்க்கப்படும். 2026-இன் முதல் மூன்று மாதங்கள் சேராது. அதனால் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குத் தொகை குறைவாகவோ பூஜ்ஜியமாகவோ வரலாம். அப்போது, முடிந்த கடைசி நான்கு காலாண்டுகளை எடுக்கும் மாற்றுக் கணக்கைப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. ஒரு காலாண்டே காணாமல் போயிருந்தால், நிறுவனம் சம்பளத்தை வேறு மாநிலத்தில் பதிந்திருக்கலாம், பதியாமலும் இருந்திருக்கலாம். சம்பளச் சீட்டுகளையும் டபிள்யூ-2வையும் இணைத்து மறுகணக்கு கேளுங்கள்.

தொகை மாநிலத்துக்கு மாநிலம் மலையும் மடுவுமாக இருக்கும். கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், ஃபுளோரிடாவில் 275, வாஷிங்டன் மாநிலத்தில் 1,000-க்கும் மேல். பல மாநிலங்களில் 26 வாரங்கள் வரை கிடைக்கும். ஃபுளோரிடாவில் வேலையின்மை விகிதம் குறைவாக இருக்கும் காலத்தில் 12 வாரம்தான்.

ஆறாம் படி: வாரந்தோறும் பதிவு

'வீக்லி சர்டிஃபிகேஷன்' என்ற பதிவை ஒவ்வொரு வாரமும், சில மாநிலங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை, செய்ய வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும், மறுக்கப்பட்டிருந்தாலும், மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்தக் கூடாது. நான்கு மாதம் கழித்து வழக்கில் வென்றாலும், பதிவு செய்த வாரங்களுக்குத்தான் பணம் வரும். மறுத்துவிட்டார்களே என்று கோபித்துக்கொண்டு பதிவை நிறுத்தியவர், ஜெயித்தும் வெறுங்கையோடு நிற்பார். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தி நினைவில் நிற்குமானால் இது நிற்கட்டும்.

இடையில் சின்ன வேலை செய்தால், வேலை செய்த வாரத்தில், பிடித்தம் போகாத முழுச் சம்பளத்தைக் காட்டுங்கள். கையில் பணம் வந்த வாரத்தில் அல்ல. வேலை தேடிய விவரத்தைத் தேதி, நிறுவனம், பதவி, விண்ணப்பித்த வழி என்று ஒரு விரிதாளில் குறித்துவாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் முதல் வாரம் பணமில்லாத காத்திருப்பு வாரம். அதற்குப் பதறாதீர்கள்.

ஏழாம் படி: 'பெண்டிங்' என்றே நின்றால்

காத்திருப்பு வாரம் உள்ள மாநிலங்களில் முதல் தவணைகளில் 87 சதவீதத்தை 14 நாள்களுக்குள் தர வேண்டும் என்பது மத்தியத் தொழிலாளர் துறையின் அளவுகோல். காத்திருப்பு வாரம் இல்லாத மாநிலங்களுக்கு 21 நாள். ஆக, ஒரு மாதம் கடந்தும் அசைவில்லை என்றால் ஏதோ ஒரு கேள்விக்கு உங்கள் பதில் பாக்கி இருக்கிறது என்றே கொள்ளுங்கள். இணையக் கணக்கின் செய்திப் பெட்டியைப் பாருங்கள், மின்னஞ்சலின் ஸ்பேம் பகுதியையும் பாருங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடும் பழக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திவையுங்கள். தகுதி விசாரணை அதிகாரியின் அழைப்பு அப்படித்தான் வரும். ஆனால் அவர் வங்கிக் கடவுச்சொல் கேட்கமாட்டார். கேட்டால் அது மோசடிக்காரர்.

தொலைபேசியில் ஆளைப் பிடிக்கவே முடியவில்லையா? உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மத்திய நாடாளுமன்றம் அல்ல, மாநிலச் சட்டமன்றம். தொகுதி மக்களின் இதுபோன்ற சிக்கல்களைத் தீர்க்கவே அங்கே பணியாளர்கள் இருக்கிறார்கள். வாக்குரிமை இல்லாதவரும் அந்தத் தொகுதியில் வசிப்பவர்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் இதைச் 'சிபாரிசு' என்று நினைத்துக் கூச வேண்டியதில்லை.

எட்டாம் படி: மறுப்புக் கடிதத்தை வாசிப்பது

கடிதத்தின் தலைப்பகுதியில் இரண்டு தேதிகள் இருக்கும்: கடிதம் அனுப்பப்பட்ட நாள், மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள். கெடு அனுப்பிய நாளிலிருந்து ஓடும், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. டெக்சாஸில் 14 நாள், ஃபுளோரிடாவில் 20, கலிஃபோர்னியாவில் 30. கீழே ஒரு சட்டப் பிரிவு எண்ணும், "காரணம்" என்ற சிறு பத்தியும் இருக்கும். அந்தப் பத்திதான் உங்கள் வழக்கு. தானாக விலகினீர்கள் என்கிறதா, தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டீர்கள் என்கிறதா என்று பாருங்கள். ஒரே உறையில் இரண்டு மூன்று மறுப்புகள் வரலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மேல்முறையீடு வேண்டும்.

மேல்முறையீட்டு மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. "இந்தத் தேதியிட்ட முடிவை ஏற்கவில்லை, விசாரணை கோருகிறேன்" என்று எழுதி, பெயர், கிளெய்ம் எண், கையொப்பத்தோடு கெடுவுக்குள் அனுப்புங்கள். ஆதாரங்களைப் பிறகு சேர்க்கலாம். கெடு தாண்டியிருந்தாலும் ஏன் தாமதம் என்று விளக்கி அனுப்புங்கள். தக்க காரணம் இருந்தால் ஏற்பார்கள்.

நிறுவனம் ஏன் மல்லுக்கட்டுகிறது? அதன் ஊழியர்கள் கிளெய்ம் போடப் போட, அது கட்டும் வரி விகிதம் உயரும். அதற்காகவே வெளி ஏஜென்டுகளை அமர்த்தி எல்லா கிளெய்மையும் எதிர்க்கும் நிறுவனங்கள் உண்டு. தனிப்பட்ட பகை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'பெர்ஃபார்மன்ஸ்' சரியில்லை என்று நீக்கினார்களா? திறமைக் குறைவு வேறு, தவறான நடத்தை வேறு. 1941-இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் பாய்ன்டன் கேப் வழக்கில் வகுத்த விளக்கத்தைப் பல மாநிலங்கள் பின்பற்றுகின்றன: நிறுவனத்தின் நலனை வேண்டுமென்றே புறக்கணித்தால்தான் தவறான நடத்தை. திறன் போதாமை, கவனக்குறைவால் எப்போதோ நேர்ந்த பிழை, நல்லெண்ணத்தோடு எடுத்த தவறான முடிவு ஆகியவை அதில் வரா. அதை நிரூபிக்க வேண்டிய சுமையும் நிறுவனத்தின் தலையில்தான். நீங்களாக விலகியிருந்தால் மட்டும் சுமை உங்கள் பக்கம் வரும். அப்போது, விலகுவதற்கு முன் பிரச்சினையைத் தீர்க்க முயன்றதைக் காட்டும் மின்னஞ்சல்கள்தான் உங்கள் பலம்.

ஒருவேளை நீங்கள் முதலில் ஜெயித்து, நிறுவனம் மேல்முறையீடு செய்தால்? அதற்காக மட்டும் பணத்தை நிறுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல், ஜாவா என்பவர் தொடர்ந்த கலிஃபோர்னிய வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

ஒன்பதாம் படி: விசாரணை

பெரும்பாலும் தொலைபேசியில் நடக்கும். நோட்டீஸில் நீங்கள் அழைக்க வேண்டுமா, அவர்கள் அழைப்பார்களா என்று இருக்கும். சில மாநிலங்களில் எண்ணை முன்கூட்டியே பதிய வேண்டும். வராமல் போனால் உங்கள் மேல்முறையீடு தள்ளுபடியாகும். ஆதாரங்களை நீதிபதிக்கு மட்டுமல்ல, எதிர்த்தரப்புக்கும் முன்பே அனுப்புங்கள். அவர்கள் பார்க்காத ஆவணத்தை நீதிபதி ஏற்காமல் போகலாம். அடுத்த நிலை மேல்முறையீட்டில் பொதுவாகப் புதிய ஆதாரத்துக்கு இடமில்லை. எல்லாவற்றையும் இங்கேயே வைத்துவிடுங்கள்.

நீதிபதி முதலில் உறுதிமொழி வாங்குவார். பிறகு அவரே கேட்பார்: கடைசி நாள் எது, யார் சொன்னார்கள், என்ன வார்த்தையில் சொன்னார்கள், அதற்கு முன் எச்சரிக்கை வந்ததா. கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள், ஊகம் வேண்டாம். மேலாளர் வராமல் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து "இப்படி நடந்ததாகக் கோப்பில் இருக்கிறது" என்று வாசித்தால், உங்கள் முறை வரும்போது அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நீங்கள் அதை நேரில் பார்த்தீர்களா?" பார்க்காதவரின் சொல்லைவிட, அங்கிருந்த உங்கள் சாட்சியத்துக்கு எடை அதிகம்.

நம்மிடம் இரண்டு பழக்கங்கள் இங்கே கெடுக்கும். ஒன்று, புரியாவிட்டாலும் "எஸ், எஸ்" என்று மரியாதைக்குச் சொல்வது. அது பதிவாகிவிடும். இன்னொன்று, பிரச்சினையை அமைதியாக முடிக்க "மன்னிக்கவும், என் தவறுதான்" என்று மின்னஞ்சல் அனுப்புவது. அதே மின்னஞ்சல் எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக வந்து நிற்கும். அப்படி ஒன்று இருந்தால், அது எந்தச் சூழலில் எழுதியது என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே விளக்குங்கள்.

ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மத்திய நிதி பெறும் அமைப்புகள் மொழியுதவி தர வேண்டும் என்பது 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பின் கீழ் வரும் கடமை. கட்டணம் இல்லை. நோட்டீஸ் வந்த உடனே எழுத்தில் கேளுங்கள், அன்றைய தினம் கேட்டால் தள்ளிப்போகும். வருமானம் இல்லாத நிலையில் உங்கள் பகுதி இலவசச் சட்ட உதவி மையத்தையும் சட்டக் கல்லூரி கிளினிக்கையும் அணுகலாம். அங்கே இத்தகைய வழக்குகள் அவர்களுக்குப் புதிதல்ல.

பத்தாம் படி: 'அதிகமாகக் கொடுத்துவிட்டோம்' என்ற கடிதம்

சில மாதம் கழித்து, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரலாம். அதையும் கெடுவுக்குள் எதிர்க்கலாம். தொகை சரிதான், ஆனால் பிழை உங்களுடையதல்ல என்றால், தள்ளுபடி கோரும் மனு தனியாகப் பல மாநிலங்களில் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். கடிதத்தில் 'மோசடி' என்ற சொல் இருந்தால் மட்டும் வழக்கறிஞரிடம் போங்கள். அதற்கு மத்தியச் சட்டப்படி குறைந்தது 15 சதவீத அபராதம் கூடும், தள்ளுபடிக்கும் வழியடைபடும்.

வந்த பணத்துக்கு மத்திய வருமான வரி உண்டு. டபிள்யூ-4வி படிவம் கொடுத்தால் 10 சதவீதம் பிடித்தே தருவார்கள். ஜனவரியில், வாங்கிய பணத்தைக் காட்டும் 1099-ஜி படிவம் வரும். இடையில் வீடு மாறியிருந்தால் ஏஜென்சியின் கணக்கில் முகவரியை மாற்றிவிடுங்கள். வாங்காத பணத்துக்கு அந்தப் படிவம் வந்தால், உங்கள் பெயரில் வேறு யாரோ கிளெய்ம் போட்டிருக்கிறார்கள். உடனே மாநில ஏஜென்சிக்கு எழுதித் திருத்திய படிவம் கேளுங்கள்.